இரண்டு சிங்கங்கள்: உதைபந்தாட்டக் கழக இலச்சினையின் வரலாறும் உடைமையும் பற்றிய ஒரு நோக்கு

1

சீகிரியாக் குன்றின் வடபுறத்து மேடையில், செங்கல்லாலும் சுதையாலும் சமைக்கப்பட்ட இரண்டு பெரும் பாதங்கள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. ஒருகாலத்தில் அவற்றின்மேல் ஒரு சிங்கத்தின் மார்பும் தலையும் எழுந்து நின்றன. குன்றின் உச்சியிலிருந்த அரண்மனையை அடைய விரும்பியவர் எவராயினும், அவ்விலங்கின் உடலினூடாகவே படியேறிச் செல்ல வேண்டியிருந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட காசியப்பன் சிங்க வடிவில் படிக்கட்டு மாளிகை அமைத்தான் என்றும், அதனாலேயே இடம் அப்பெயர் பெற்றது என்றும் சூளவம்சம் கூறும். பிற்காலத்தில் தலை விழுந்தது. பாதங்கள் மண்ணுள் மறைந்தன. 1890களில் எச். சீ. பி. பெல் நடத்திய அகழ்வின்போதே அவை மீண்டும் வெளிப்பட்டன.

அப்பாதங்களுக்கிடையே நின்று படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர் கூட்டத்தில், நீல நிற விளையாட்டுச் சீருடை அணிந்த ஒருவரைக் காண்பது இன்று அரிதன்று. அச்சீருடையின் நெஞ்சுப் பகுதியில் இன்னொரு சிங்கம் உண்டு. பின்னங்கால்களில் நின்று, தலையைப் பின்புறம் திருப்பி, ஒரு கோலைப் பற்றியிருக்கும் சிங்கம் அது. இலண்டனின் செல்சி உதைபந்தாட்டக் கழகத்தின் இலச்சினை. அதனை அணிந்திருப்பவர் தம்புள்ளையையோ மட்டக்களப்பையோ சேர்ந்தவராயிருக்கலாம். இலண்டனை ஒருபோதும் கண்டிராதவராயுமிருக்கலாம். எனினும் அக்கழகம் தோற்கும் இரவுகளில் அவர் உண்மையாகவே துயருறுகின்றார்.

இத்துயரை எவ்வாறு விளக்குவது? நமது முற்போக்கு வட்டாரங்களில் வழக்கமாகக் கிடைக்கும் விடை சுருக்கமானது: விளையாட்டு மக்களை மயக்கும் மருந்து, இலச்சினை அம்மருந்துப் போத்தலின் மேற்சீட்டு, அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. மறுபுறத்தில், பண்பாட்டைச் சமுதாய அடித்தளத்திலிருந்து பிரித்து நோக்குவோர், சின்னம் என்பது தலைமுறைகள் பேணிய மரபு, அதன் புனிதத்தை வினவலாகாது என்பர். இவ்விரு விடைகளும் ஒரே தவறைச் செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். முன்னையது சின்னத்தை அணியும் மக்களை மறந்துவிடுகின்றது; பின்னையது சின்னத்தை உடைமையாகக் கொண்டிருப்போரை மறைத்துவிடுகின்றது. ஓர் இலச்சினைக்குப் பொருள் ஊட்டுவோர் ஒரு சாரார். அதனை உடைமையாகக் கொண்டிருப்போர் பிறிதொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையேயுள்ள முரண்பாடே இலச்சினையின் வரலாறாகும்.

சீகிரியாவின் சிங்கத்துக்கும் செல்சியின் சிங்கத்துக்கும் நேரடியான காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் இலங்கைச் சிங்கத்தின் கதையும் அக்கழகத்தின் கதையும் இலண்டனிலுள்ள ஒரே கட்டடத்தின் வாயிலில் ஒருமுறை சந்தித்துக்கொண்டன. அச்சந்திப்பை நோக்குமுன், முதலில் நமது சிங்கத்தைப் பற்றிச் சில கூறல் வேண்டும்.

2

ஒரே குறியைப் பல்வேறு வர்க்கங்கள் பயன்படுத்துவதால், அக்குறியின் உள்ளேயே வெவ்வேறு நலன்கள் மோதுகின்றன என்றும், ஆளும் வர்க்கமோ அதற்கு என்றுமுள்ள ஒரே பொருள் இருப்பதாகக் காட்ட முனைகின்றது என்றும் வொலோஷினொவ் 1929இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். மொழியை முன்வைத்துக் கூறப்பட்ட இக்கருத்து, இலச்சினைகளுக்கு இன்னும் தெளிவாகப் பொருந்துகின்றது. சிங்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

காசியப்பன் தன் தந்தை தாதுசேனனைக் கொல்வித்து அரியணை ஏறியவன். செல்வம் எங்கே என்று வினவப்பட்டபோது, தாதுசேனன் தான் கட்டுவித்த கலாவாவியின் நீரைக் கையிலேந்தி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்று காட்டியதாகச் சூளவம்சம் உரைக்கும். இக்கதையின் உண்மை பொய் ஒருபுறமிருக்க, அது உணர்த்தும் முரண் மனங்கொள்ளத்தக்கது. அன்றைய சமுதாயத்தின் மெய்யான செல்வம் வாவியிலும் வயலிலும் இருந்தது. அதனை ஆக்கியது மக்களின் உழைப்பு. அவ்வுழைப்பின் மிகைப்பயனைக்கொண்டு எழுந்ததே குன்றின்மேற் கட்டப்பட்ட சிங்கம். உரிமை ஐயத்துக்கிடமான ஓர் அரசனுக்கே அத்துணைப் பெரிய சின்னம் தேவைப்பட்டது.

அச்சிங்கம் யாருடைய சிங்கம்? பேராதனைப் பல்கலைக்கழக வரலாற்றறிஞர் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இல் வெளியிட்ட ‘சிங்கத்தின் மக்கள்’ என்னும் கட்டுரை இவ்வினாவுக்கு ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. சிங்கத்தோடு இணைந்த ‘சிங்கள’ என்னும் அடையாளம் தொடக்கத்தில் அரச குலத்தையும் அதைச் சூழ்ந்த ஆளும் பகுதியினரையுமே குறித்தது என்றும், உழைக்கும் மக்களை உள்ளடக்கும் வகையில் அது விரிவடைந்தது மிகப் பின்னரே என்றும் அவர் வாதிட்டார். கே. என். ஓ. தர்மதாச இதனை மறுத்து, அவ்விரிவு மிக முன்னரே நிகழ்ந்தது என்றார். கால வரையறை பற்றிய அவ்விவாதம் எவ்வாறாயினும், குணவர்த்தனவின் அடிப்படை வினா நிலைத்து நிற்கின்றது: ஓர் ஆளும் குலத்தின் விலங்கு, எவ்வாறு எல்லோரின் விலங்காக ஆக்கப்படுகின்றது? இதே வினாவை நாம் உதைபந்தாட்ட மைதானத்திலும் எழுப்பவேண்டியுள்ளது.

3

இனி அச்சந்திப்பு. இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் 1682இல் செல்சியில் நிறுவிய அரச மருத்துவமனை, பெயரால் மருத்துவமனையாயினும் தொழிலால் முதிய போர்வீரர்களின் இல்லமாகும். பேரரசுக்காகப் போரிட்டு, உடல் தளர்ந்து, ஓய்வூதியம் பெற்று அங்கு வாழ்ந்தோர் ‘செல்சி ஓய்வூதியர்’ எனப்பட்டனர். பேரரசு வென்று கவர்ந்த கொடிகள் சிலவும் அங்கேயே வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1815இல் கண்டி வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட சிங்கக் கொடி. ஈ. டபிள்யூ. பெரேரா அதனை அங்கு அடையாளங் கண்டு, சிங்களக் கொடிகள் பற்றி 1916இல் வெளியிட்ட தமது நூலின் வாயிலாகப் பரவலாக அறியச்செய்தார்.

அக்கொடிக்குரிய அரசன் ஶ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவன் தென்னிந்திய நாயக்க வம்சத்தவன். வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டவன். அவனுடைய கொடியைச் சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. தென்னிந்திய வம்சத்து அரசன் ஒருவனின் கொடியை, தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் முன்மொழிய, அது நாட்டின் கொடியாயிற்று. இன்று பேரினவாதிகள் அச்சிங்கத்துக்கு ஏற்றும் ஒற்றைப் பொருளை அக்கொடியின் வரலாறே பொய்யாக்குகின்றது.

ஆயினும் வரலாறு அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. 1951இல் இறுதி வடிவம் பெற்ற தேசியக் கொடியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமாக இரண்டு நிறப் பட்டைகள் சேர்க்கப்பட்டன; அவை சிங்கம் நின்ற களத்துக்கு வெளியே வைக்கப்பட்டன. கொடிக்குழுவின் உறுப்பினரான செனட்டர் எஸ். நடேசன் இந்த அமைப்புக்கு உடன்படாது தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். 1972இல் சிங்கத்தைச் சூழ்ந்த நான்கு மூலைகளிலும் அரசிலைகள் இடம்பெற்றன. பல பொருள்களைத் தாங்கக்கூடியதாயிருந்த ஒரு சின்னம், அரசு யந்திரத்தின் துணைகொண்டு படிப்படியாக ஒரு பொருளுக்குள் அடைக்கப்பட்டதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன. வாளேந்திய அச்சிங்கமே கிரிக்கெட் இலச்சினையிலும் இடம்பெற்று, விளையாட்டரங்கினூடாகவும் தன் பொருளை நிலைநாட்டி வருகின்றது.

இதே காலப்பகுதியில், அம்மருத்துவமனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலிருந்த உதைபந்தாட்டக் கழகத்தில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது.

4

செல்சிக் கழகம் 1905இல் தோன்றியது. அதன் முதல் இலச்சினை சிங்கமன்று. ஒரு முதியவரின் முகம். அரச மருத்துவமனையின் ஓய்வூதியர் ஒருவரே அவர். ‘ஓய்வூதியர்’ என்பதே கழகத்தின் செல்லப்பெயருமாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஆட்ட நிகழ்ச்சி நிரல்களின் பக்கங்களில் அம்முகமே அச்சாகி வந்தது. உயர்குலத்தின் விலங்கு அன்றி, கூலிக்கு உயிரைப் பணயம் வைத்த ஒரு சாதாரண மனிதன் கழகத்தின் சின்னமாயிருந்தமை குறிப்பிடத்தக்கது. எனினும் அவனை ஒரு பாட்டாளி வீரனாக நாம் போற்றவும் இயலாது. கண்டியையும் பஞ்சாபையும் வென்றது அவனைப் போன்றோரின் கைகளே. ஒடுக்கப்பட்டவன் தன்னை ஒடுக்குவோருக்காகப் பிறரை ஒடுக்கப் புறப்படும் துன்பியலை அம்முகம் தாங்கியிருந்தது. கண்டியின் கொடியும் கண்டியை வென்ற படையின் முதியோரும் ஒரே கூரையின்கீழ் இருந்த காட்சி, பேரரசின் வரலாற்றையே ஒரு கூடத்துள் சுருக்கித் தருகின்றது.

1952இல் டெட் ட்ரேக் கழகத்தின் முகாமையாளரானார். முதியவரின் உருவம் பழமையானது, ஊக்கமூட்டாதது என்பது அவர் கருத்து. அவ்வாண்டே அது நீக்கப்பட்டது. ஓராண்டுக் காலம் கழகப் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் பயன்பட்டன. 1953இல் சிங்கம் வந்தது. செல்சி நகரப் பிரிவின் அரசு முத்திரையைத் தழுவி அது வரையப்பட்டது. சிங்கம், அக்காலத்தில் கழகத்தின் தலைவராயிருந்த கடோகன் பிரபுவின் குடும்ப முத்திரையிலிருந்து பெறப்பட்டது. அது ஏந்திய கோல், ஒருகாலத்தில் அந்நிலத்தின் உடைமையாளராயிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் மடாதிபதிகளைக் குறித்தது. ஆக, புதிய இலச்சினையில் இரண்டு நிலவுடைமையாளர் இடம்பெற்றனர். முதிய கூலிப்படைவீரன் வெளியேறினான்.

கடோகன் குடும்பத்தின் நிலம் எங்கிருந்து வந்தது என்பதையும் சிறிது நோக்கலாம். செல்சி நிலவுரிமையை 1712இல் வாங்கியவர் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன். அவர் மணந்த பெண், ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த செல்வத்துக்கு உரியவர். ஸ்லோனின் மகளை மணந்ததன் வழியாகவே கடோகன் குடும்பம் அந்நிலத்திற் பங்கு பெற்றது. செல்சியின் பெரும்பகுதி இன்றும் அக்குடும்ப நிறுவனத்தின் கையிலேயே உள்ளது. ஆகவே சீருடையில் நிற்கும் சிங்கம் வெறும் வீரத்தின் உருவகமன்று. அது ஒரு நில உறுதியின் படம்.

அடுத்த மாற்றம் 1986இல் நிகழ்ந்தது. கழகம் அப்போது கென் பேட்ஸ் என்னும் வணிகரிடம் இருந்தது. நகரப் பிரிவின் முத்திரையைத் தழுவிய பழைய சிங்கத்தை வியாபாரக் குறியாகப் பதிவு செய்ய இயலாதிருந்தமை, மாற்றத்துக்கான காரணங்களுள் ஒன்று. முத்திரை மரபின் இலக்கணம் எதற்கும் கட்டுப்படாத வேறொரு சிங்கம், கழகத்தின் மூன்று எழுத்துகளின்மேல் பாய்ந்து நின்றது. நிலமானிய காலத்துச் சின்னம் பரம்பரையால் உரிமை பெற்றது. முதலாளித்துவ காலத்துச் சின்னம் பதிவேட்டால் உரிமை பெறுகின்றது. அக்கணத்தில் இலச்சினை முழுமையாகப் பண்டமாயிற்று. சீருடை, கோப்பை, கழுத்துத்துணி ஆகிய எதன்மேல் அது பொறிக்கப்பட்டாலும், ஒவ்வொரு பொறிப்பும் உடைமையாளருக்கு வரவு தருவதாயிற்று.

2003இல் கழகத்தை ரோமான் அப்ரமோவிச் வாங்கினார். சோவியத் ஒன்றியத்தின் பொதுவுடைமைகள் தனியார் கைக்கு மாறிய காலத்திற் பெருஞ்செல்வம் திரட்டியோருள் ஒருவர் அவர். கழகத்தின் நூற்றாண்டை ஒட்டி 2005இல் 1953ஆம் ஆண்டுச் சிங்கம் திருத்தமான வடிவில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதனைக் கொண்டுவருமாறு வேண்டியவர்களுள் முதன்மையானோர் கழகத்தின் ஆதரவாளர்களே என்பதுதான் நமது ஆய்வுக்குரிய சிக்கல்.

5

உழைக்கும் குடும்பங்களில் பிறந்து மைதானத்தின் படிக்கட்டுகளில் வளர்ந்தோர், ஒரு பிரபுவின் விலங்கைத் திரும்பத் தருமாறு கேட்டது ஏன்? ‘மயக்கம்’ என்று கூறி இதனைக் கடந்து செல்லலாம். ஆனால் அது விளக்கமாகாது. அவர்கள் கேட்டது கடோகனின் சிங்கத்தையன்று. 1955இல் கழகம் முதன்முறையாக இங்கிலாந்தின் சாம்பியனானபோதும், 1970இல் லீட்ஸ் அணியை மறு ஆட்டத்தில் வென்று வெற்றிக்கிண்ணம் பெற்றபோதும், 1971இல் ஏதென்ஸ் நகரில் ரியால் மட்ரிட்டை வென்றபோதும் கழகத்துக்குரியதாயிருந்த சிங்கத்தையே அவர்கள் கேட்டனர். தந்தையோடு சென்ற மாலைகள், மழையில் நின்ற நேரங்கள், தோல்விக்குப்பின் பேசாது நடந்த தெருக்கள் ஆகியவை அச்சிங்கத்தினுள் ஐம்பதாண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. பிரபுவின் பெயர் அவர்களுட் பலருக்குத் தெரிந்திருக்கவும் தேவையில்லை. சின்னம் மேலிருந்து வந்தது. பொருள் கீழிருந்து வந்தது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். கீழிருந்து வரும் பொருள் அனைத்தும் நற்பொருளன்று. 1982இல் போல் கனோவில் செல்சி அணியின் முதற் கறுப்பின ஆட்டக்காரராகக் களமிறங்கியபோது, அவரை இழிவுபடுத்திக் கூச்சலிட்டோர் எதிரணியினரல்லர். அதே சிங்கத்தின்கீழ் திரண்ட செல்சி ஆதரவாளர்களே. மக்கள் உருவாக்கும் பொருள் என்பதனாலேயே ஒன்றைப் புனிதமாக்கும் ஜனரஞ்சக மனப்பான்மை நமக்கு ஏற்புடையதன்று. பொருள் கீழிருந்து வருகின்றது என்பது அங்கும் ஒரு போராட்டம் நிகழ்கின்றது என்பதையே குறிக்கும். போராட்டம் முடிந்துவிட்டது என்பதையன்று.

பிரபுவின் விலங்கை விடுத்து உழைப்பின் கருவியைச் சின்னமாகக் கொண்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடுமோ எனச் சிலர் வினவக்கூடும். அதே இலண்டனின் கிழக்குப் பகுதியில் அதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. வெஸ்ட் ஹாம் கழகத்தின் இலச்சினையிலுள்ள குறுக்கிட்ட இரு சுத்தியல்கள், தேம்ஸ் இரும்பாலைக் கப்பல் தளத்தில் ஆணியடிக்கும் தொழிலாளரின் கருவிகள். 1895இல் அத்தளத்தின் தொழிலாளரைக்கொண்டே கழகம் தோன்றியது. ஆனால் கழகத்துக்கு ஆதரவளித்தவர் தளத்தின் உடைமையாளர் ஆர்னல்ட் ஹில்ஸ். வேலைநிறுத்தங்களால் கசந்துபோன உறவை விளையாட்டினால் இனிமையாக்கலாம் என்பது அவரது தந்தைவழிப் பரிவின் ஒரு பகுதி. கப்பல் தளம் 1912இல் மூடப்பட்டது, தொழிலாளர் சிதறினர். சுத்தியல்கள் மட்டும் சீருடையில் தங்கின. 2016இல் கழகம் புதிய அரங்குக்கு இடம்பெயர்ந்தபோது, இலச்சினையிலிருந்த கோட்டை அகற்றப்பட்டு ‘இலண்டன்’ என்னும் சொல் சேர்க்கப்பட்டது. கழகம் வேரூன்றிய தெருவின் அடையாளத்தை விட, உலகச் சந்தைக்குத் தெரிந்த நகரத்தின் பெயர் கூடிய விலை பெறுவது. ஆக, சிங்கமோ சுத்தியலோ, உருவத்தின் பிறப்பு மட்டும் அதன் வர்க்க நிலைப்பாட்டைத் தீர்மானிப்பதில்லை. அது எந்த உடைமை உறவினுள் தொழிற்படுகின்றது என்பதே தீர்மானிக்கின்றது.

6

இவ்வுடைமை உறவை மாற்ற இயலுமா? இரண்டு நிகழ்வுகள் இதற்கு விடை தேடத் துணைபுரிகின்றன.

முதலாவது கல்கத்தாவில் நிகழ்ந்தது. 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911 ஜூலை 29ஆம் நாள் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று கேடயம் பெற்றது. அவ்வணியில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். ஆள்வோரை அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்ற அந்நாள், தேசிய இயக்க நினைவில் நிலைபெற்றது. கழகத்தின் இலச்சினை, வங்கத்தின் ஆறுகளில் செல்லும் பாய்மரப் படகு. 2020இல் ஆர்.பீ.எஸ்.ஜீ. குழுமம் கழகத்தின் உதைபந்தாட்டப் பிரிவில் எண்பது சதவீதப் பங்கைப் பெற்றது; தன் பழைய அணியின் மூன்று எழுத்துகளான ‘ஏ.டீ.கே.’ என்பதைக் கழகப் பெயரின் முன்னும் படகின் இலச்சினையிலும் சேர்த்தது. ஆதரவாளர் எதிர்த்தனர். அரங்குகளிலும் தெருக்களிலும் அம்மூன்று எழுத்துகளையும் நீக்குமாறு கோரும் பதாகைகள் மூன்றாண்டுகள் எழுந்தன. 2023 மார்ச்சில் அணி இந்தியாவின் சாம்பியனான இரவில், அவ்வெழுத்துகள் நீக்கப்படும் என்று உடைமையாளர் அறிவித்தார்.

இது மக்களின் வெற்றிதான். ஆனால் எத்தகைய வெற்றி? நீக்கப்பட்ட எழுத்துகளுக்குப் பதிலாகக் கழகப் பெயரின் பின்னால் ‘சூப்பர் ஜயன்ட்’ என்னும் அடைமொழி சேர்ந்தது. அதே குழுமத்தின் லக்னோ கிரிக்கெட் அணியின் பெயர்வழி வந்தது அது. படகில் ஏறிய பயணி முன் வாயிலால் இறங்கிப் பின் வாயிலால் ஏறிக்கொண்டார். எண்பது சதவீதப் பங்கு அசையவில்லை. உருவத்துக்கான போராட்டம் உடைமைக்கான போராட்டமாக வளராத இடத்தில், வெற்றியும் உடைமையாளரின் அறிவிப்பாகவே வந்துசேர்கின்றது.

இரண்டாவது நிகழ்வு செல்சியிலேயே உள்ளது. நிலவணிகரின் கையில் சிக்கிக் கழகம் மைதானத்தை இழக்கும் நிலை தோன்றியதன் பின்னர், 1993இல் ஆதரவாளர் பங்கு வாங்கக்கூடிய ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஸ்டம்போர்ட் பிரிட்ஜ் மைதானத்தின் நிலவுரிமை அந்நிறுவனத்திடம் சேர்ந்தது. கழகம் அவ்விடத்தை விட்டு அகன்றால் ‘செல்சி உதைபந்தாட்டக் கழகம்’ என்னும் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை இழக்கும் என்பதும் ஏற்பாட்டின் பகுதி. 2011 ஒக்டோபரில் அப்ரமோவிச்சின் கழகம் அவ்வுரிமையைத் திரும்ப வாங்க முனைந்தது. எழுபத்தைந்து சதவீத வாக்கு தேவைப்பட்டது. கிடைத்தது ஏறத்தாழ அறுபத்திரண்டு. உலகின் பெருஞ்செல்வர் ஒருவர் சிறு பங்குதாரரின் வாக்குகளால் தடுக்கப்பட்டார். 2022இல், உக்ரைன் போரை அடுத்து அவர்மேல் தடை விதிக்கப்பட்டு, கழகம் 250 கோடி பவுண்களுக்கு அமெரிக்க முதலீட்டாளர் குழுவொன்றிடம் கைமாறியது. அப்போதும் புற்றரையும் பெயரும் அந்நிறுவனத்திடமே இருந்தன.

இதனைச் சோசலிசம் என்று எவரும் கூறார். பங்குச் சட்டத்தின் எல்லைக்குள் கிடைத்த ஒரு தடுப்புரிமை மட்டுமே அது. சிங்கம் இன்றும் உடைமையாளரின் வியாபாரக் குறிதான். எனினும் இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. கல்கத்தா ஆதரவாளரின் குரல் மிகப் பெரியது, ஆனால் அது மன்றாடவேண்டியிருந்தது. செல்சிப் பங்குதாரரின் குரல் சிறியது, ஆனால் அதற்கு மறுக்கும் அதிகாரம் இருந்தது. பண்பாட்டு உணர்வு எத்துணை ஆழமானதாயினும், உடைமை வடிவம் ஒன்றைப் பெறாதவரை அது வேண்டுகோளாகவே எஞ்சும்.

7

மீண்டும் சீகிரியாவுக்கு வருவோம். சிங்க மேடையை நோக்கிச் செல்லும் பாதையின் ஒரு பக்கத்தில், கண்ணாடிபோற் பளபளப்பாகத் தீட்டப்பட்ட ஒரு நெடுஞ்சுவர் உள்ளது. அரசன் மறைந்து நூற்றாண்டுகள் சென்றபின், அங்கு வந்தோர் அச்சுவரில் பாடல்களைக் கீறிச் சென்றனர். பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரைக்குரிய இவற்றுள் 685 பாடல்களைச் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் வெளியிட்டார். பிக்குகளும் அலுவலர்களும் பெண்களும் எழுதினர். அவர்களுட் பலரைக் கவர்ந்தது அரசனின் பெருமையன்று. குன்றின் சுவரில் தீட்டப்பட்ட பெண்களின் ஓவியங்களே. அரசன் தன் ஆட்சியை அறிவிக்க எழுப்பிய இடத்தை, வந்தோர் தம் ஏக்கத்தையும் கேலியையும் வியப்பையும் எழுதும் ஏடாக்கிக்கொண்டனர். சிங்கத்தின் தலை வீழ்ந்தது. சுவரின் எழுத்து எஞ்சியது. இலங்கையின் சிங்கள இலக்கிய வரலாறு இன்று நன்றியோடு நோக்குவது காசியப்பனின் சிங்கத்தையன்று, அந்த வழிப்போக்கரின் கீறல்களையே.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. சிங்கத்தை எதிர்கொண்ட தமிழ்த் தேசிய உணர்வு, சோழரின் புலியைத் தேடி எடுத்தது. ஒடுக்குமுறைக்கு எதிரான உணர்வு நியாயமானது. அதன் காரணங்கள் மெய்யானவை. ஆனால் அச்சோழரின் புலியும் ஓர் ஆளும் குலத்தின் விலங்குதான். அது பொறித்த முத்திரையின்கீழ் நிலவரி செலுத்திய உழவனுக்கும், அப்புலி அணிந்த படை கடந்து சென்ற ஊர்களுக்கும் அது என்ன பொருள் தந்தது என்று நாம் போதியளவு வினவியதில்லை. குணவர்த்தன தம் சமூகத்தின் சிங்கத்தை நோக்கி 1979இல் எழுப்பிய வினாவை, நம் சமூகத்தின் புலியை நோக்கியும் எழுப்பும் துணிவு தமிழ் ஆய்வாளருக்கு வேண்டும். ஒரு அரச விலங்குக்கு இன்னோர் அரச விலங்கு மாற்றாகாது.

இலச்சினை பற்றிய மார்க்சிய விமர்சனம் செய்யவேண்டியது யாது? சீருடை அணிந்த இளைஞனைப் பார்த்து நகைப்பது அன்று. அவனுடைய துயர் மெய்யானது. கூட்டு வாழ்வுக்கான அவன் தேவை மெய்யானது. வேலையும் ஊரும் தொழிற்சங்கமும் அத்தேவையை நிறைவு செய்யாதபோது, கடல்கடந்த ஒரு கழகத்தின் சிங்கம் அதனை நிறைவு செய்கின்றது. அவனிடம் நாம் கேட்கவேண்டிய வினா, ‘ஏன் இதனை அணிந்தாய்?’ என்பதன்று. ‘இதற்குப் பொருள் தந்தவன் நீ; இதன் உடைமையாளன் யார்?’ என்பதே. இவ்வினாவை உதைபந்தாட்டச் சீருடையில் தொடங்கும் ஒருவன், தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும், ஏன் தேசியக் கொடியின் கீழும், அதனையே தொடர்ந்து கேட்கக்கூடும்.

சீகிரியாவில் எஞ்சியுள்ள பாதங்கள் மிகப் பெரியவை. அவற்றைக் கட்டியோரின் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியாது. அப்பாதங்களின் ஒவ்வொரு செங்கல்லையும் யாரோ ஒருவர் சுமந்து ஏற்றினார் என்பது மட்டும் திண்ணம். இலச்சினைகளின் வரலாற்றை அச்செங்கல்லின் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குவோமாயின், சிங்கங்களின் கதை வேறு விதமாக அமையும்.